வெல்லமும் திங்கட்கிழமை இருமலும்

பிளாஸ்டிக் அரிசியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று என் மாமாவின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அன்றைக்குத்தான் நான் விஞ்ஞானி ஆனேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தார். தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால், பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் லைன் வீட்டில் ஏழாவது எங்களுடையது. அப்பா லாரியில் வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர இருபது நாளாகும். அதனால் எங்களுக்குத் துணை மாமா, மாமாவுக்குத் துணை அவருடைய போன். அந்தப் போனில் தினமும் காலையில் ஒரு புது ஆபத்து வந்து இறங்கும். ஐஸ் தண்ணீர் குடித்தால் ரத்தம் உறைந்துவிடும். நின்றுகொண்டு தண்ணீர் குடித்தால் முட்டி தேய்ந்துவிடும். போனைச் சட்டைப் பையில் வைத்தால் இதயம் நின்றுவிடும். இதைப் படித்துக் காட்டிவிட்டு மாமா போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்.

பிளாஸ்டிக் அரிசிக்கு அந்த வீடியோ சொன்ன சோதனை இது: சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் அடிக்க வேண்டும். பந்து மாதிரி எழும்பினால் பிளாஸ்டிக். மாமா அடித்தார். எழும்பியது. அம்மா ஆக்கி வைத்திருந்த ஒரு குண்டான் சோற்றையும் கொட்டப் போனார். எனக்கு அகோரப் பசி. நான் குண்டானைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எல்லா வீட்டுச் சோற்றையும் அடித்துப் பார்த்துவிட்டுக் கொட்டலாம் என்றேன். ஒன்றாம் வீட்டிலிருந்து பத்தாம் வீடுவரை ஆளுக்கொரு கைப்பிடி வாங்கி வந்தேன். ரேஷன் அரிசி குதித்தது. கடை அரிசி குதித்தது. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்திருந்த சொந்த வயல் அரிசியும் குதித்தது. கடைசியில் ஆறாம் வீட்டு அக்கா கொடுத்த ராகிக்களியை அடித்தேன். அது மட்டும் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. மாமாவின் கணக்குப்படி உலகத்தில் களி ஒன்றுதான் நிஜமான சாப்பாடு. லைன் வீடே சிரித்தது.

“ஏனுங் மாமா, உங்களுக்கு இனிமே டெய்லி களிதானுங்க” என்றேன்.

“போ அம்மிணி அக்கட்ட” என்று மாமா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு பெரிய ஆளை மண்ணைக் கவ்வ வைத்த ருசி எனக்கு ஒரு வாரம் இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி அறிவித்தார்கள். நான் ஆறாம் வகுப்பு. “இது ஒடம்புக்குக் கெடுதல், அது நல்லதுன்னு ஊட்டுல ஆயிரம் சொல்வாங்க. அதுல ஒண்ணை எடுத்து நெசமான்னு பாத்துட்டு வாங்க. கேட்டதை எழுதக் கூடாது, பாத்ததை எழுதோணும்” என்றார் அறிவியல் டீச்சர். வகுப்பில் பாதிப்பேர் அதைக் கேட்டுவிட்டு வழக்கம்போல எரிமலை செய்யப் போனார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கால் வரை குறுகுறுத்தது. நான் எடுத்துக்கொண்டது வெல்லம்.

அம்மா வேலை பார்த்தது ஓ.இ. மில்லில். பனியன் கம்பெனிகளில் வெட்டி மீந்த துண்டுத் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, மெஷினில் பிய்த்து, மறுபடியும் பஞ்சாக்கி நூலாக்குகிற மில் அது. அம்மாவுக்குத் துணி பிய்க்கிற ரூமில் வேலை. சாயங்காலம் வரும்போது புருவமும் காது மடலும் வெளுத்து, முப்பத்திரண்டு வயதுக்காரி அறுபது வயதுக்காரி மாதிரி வருவாள். வாசலில் நின்று துண்டால் தட்டிக்கொண்டால் பழையபடி அம்மா ஆகிவிடுவாள். மூக்கில் ஒரு பனியன் துணியைக் கட்டிக்கொள்வதுண்டு. ஆனால் மெஷின் சத்தத்தில் பேச வேண்டுமென்றால் அதை இறக்கிவிட வேண்டும். அம்மாவுக்குப் பேசாமல் இருக்க முடியாது.

அந்த மில்லில் நாலு மணி டீயோடு ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். கொமரலிங்கம் பக்கமிருந்து வருகிற உருண்டை வெல்லம். மூச்சில் போன பஞ்செல்லாம் வெல்லத்தில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்கு இறங்கி வெளியே போய்விடும் என்பது நம்பிக்கை. முதலாளி முதல் மூட்டை தூக்குபவர் வரை அதை நம்பினார்கள். அம்மாவும் நம்பினாள். ஆனால் தின்னமாட்டாள். துணியில் மடித்து எனக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஆக, அம்மாவின் நெஞ்சில் இருந்த பஞ்சுக்கு மருந்தை நான் தின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இருமல் உண்டு. எனக்கு நினைவு தெரிந்த நாளாக உண்டு. ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டால் நான் போய்க் கதவைத் திறப்பேன். குழாயிலிருந்து தண்ணீர்க்குடம் எடுத்து வரும்போது நடுவில் ஒரு தடவை இறக்கி வைத்து, இடுப்பில் கை வைத்து நிற்பாள். அந்த இருமல் போக வேண்டும் என்று மாரியம்மனுக்குத் தேங்காய் உடைப்பதாகக்கூட வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது கையில் விஞ்ஞானம் கிடைத்திருந்தது. வெல்லம் வேலை செய்தால் அம்மாவுக்குக் குணம், செய்யாவிட்டால் எனக்குப் பரிசு. இப்படியும் அப்படியும் நமக்கே ஜெயம் என்று துள்ளிக்கொண்டிருந்தேன்.

மாமா தன் பங்குக்கு உதவ வந்தார். தட்டில் வெல்லப்பாகை ஊற்றி அதன்மேல் பஞ்சைத் தூவினார். “பாத்தியா அம்மிணி, எப்படி ஒட்டுது! நெசந்தான்” என்றார். நான் டீயில் தூவினேன், ஒட்டியது. பச்சைத் தண்ணீரில் தூவினேன், ஒட்டியது. எண்ணெய் தேய்த்திருந்த மாமாவின் தலையில் தூவினேன், எல்லாவற்றையும் விட நன்றாக ஒட்டியது. தட்டு உதவாது, அம்மாவைத்தான் சோதிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஒரு வாரம் வெல்லம் இல்லாமல், ஒரு வாரம் வெல்லத்தோடு. அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து படுக்கிறவரை எத்தனை தடவை இருமுகிறாள் என்று எண்ண வேண்டும். மாமா கம்பெனியிலிருந்து ஒரு டப்பா நிறையக் கழிவுப் பட்டன் கொண்டுவந்து கொடுத்தார். ஓர் இருமலுக்கு ஒரு பட்டனை எடுத்து டம்ளரில் போடுவேன். முதல் நாள் பெரிய ரகளை. அம்மா இருமுவாள், நான் டக்கென்று பட்டன் போடுவேன், அந்தச் சத்தம் கேட்டு அம்மாவுக்குச் சிரிப்பு வரும், சிரிப்பில் மறுபடி இருமல் வரும், நான் மறுபடி டக். சிரிப்பால் வந்த இருமலைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் கத்தினேன்.

“நீ சிரிக்காம இருமு அம்மா!”

“எப்படி சாமி முடியும், நீ உண்டியல்ல காசு போடறாப்பல போட்டுட்டிருக்கறே” என்று அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாளிலிருந்து டம்ளருக்குள் துணி வைத்தேன்.

முதல் வாரம் திங்கட்கிழமை நாற்பத்தாறு பட்டன். செவ்வாய் முப்பத்திமூன்று. அப்படியே இறங்கி இறங்கி சனிக்கிழமை பன்னிரண்டு. ஞாயிறு லீவு, நாலே நாலு. இரண்டாம் வாரம் அம்மா வெல்லத்தை என் கண் முன்னால் தின்றாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதியை எனக்கு நீட்டுவாள். நான் விஞ்ஞானத்துக்காக வேண்டாம் என்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய தியாகம் அதற்கு முன் செய்ததில்லை. வாரக் கடைசியில் இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். திங்கள் நாற்பத்தைந்து, சனி பதின்மூன்று. வெல்லத்தால் ஒரு பட்டனுக்குமேல் நகரவில்லை.

“வெல்லம் பொய்! வெல்லம் பொய்!” என்று லைன் வீடு முழுக்க ஓடிச் சொன்னேன். இருமல் போகவில்லையே என்ற வருத்தம் ஒரு மூலையில் இருந்தது. ஆனால் நோட்டில் இன்னொன்று கண்ணில் பட்டது. எந்த வாரமானாலும் திங்கட்கிழமை ஏன் இவ்வளவு உயரமாக நிற்கிறது?

மாமா உடனே பதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைத்துத் தலைக்குக் குளிப்பதால் சளி பிடிக்கிறதாம். போனிலும் வந்திருந்ததாம். சரி என்று மூன்றாம் வாரம் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கவிடவில்லை. பஞ்சு பிடித்த தலையோடு அம்மா நாளெல்லாம் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை நாற்பத்தேழு. மாமா இரண்டாவது முறையும் தோற்றார்.

அப்போதுதான் எனக்கு அது பிடிபட்டது. காரணம் குளியல் இல்லை, வெல்லம் இல்லை, மில்லும் இல்லை. மில்லுக்குப் போகப் போக இருமல் குறைகிறது! செவ்வாயைவிடப் புதன் குறைவு, புதனைவிட வியாழன் குறைவு. லீவு போட்ட மறுநாள்தான் ஏறுகிறது. அப்படியானால் கெடுதல் எது? லீவு! எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு தடவை ஓடினேன். மறுநாள் டீச்சரிடம் காட்டினேன். அவர் ஆறு எரிமலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, “கணக்கு அழகா எழுதியிருக்கறே, வெரிகுட்” என்றார். எனக்கு அது போதும்.

அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா எட்டாவது வரை படித்தவள். நோட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள்.

“நெசந்தான் கண்ணு. திங்கக்கெழமையானா நெஞ்சு மேல அம்மிக்கல்லை ஏத்தி வெச்சாப்பல இருக்கும். சனிக்கெழமைக்கு அது பழகிப்போயிருது. எனக்கே தோணுச்சு, ஆனா இப்படி எழுதிப் பாக்கத் தெரியலை” என்றாள். என் தலையைத் தடவினாள். “அப்ப லீவே போடக் கூடாதுங்கறே?”

“ஆமா அம்மா. ஒரு தடவை லீவு போடாமப் போய்ப் பாரேன்.”

அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்டுக்கு எத்தனை கெஞ்சினாலும் அம்மா போனதில்லை. ஞாயிறு எங்களுடைய நாள். கறி எடுத்துச் சமைப்பாள், எனக்குப் பேன் பார்ப்பாள், மத்தியானம் நானும் அவளும் ஒரே பாயில் தூங்குவோம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. ஆனாலும் பெரிய விஷயத்துக்காகச் சின்ன விஷயத்தை விட வேண்டும் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அந்த ஞாயிறு அம்மா சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை. பட்டன் டப்பாவோடு சாயங்காலம் ஆறு மணியிலிருந்து வாசலிலேயே இருந்தேன். ரோட்டில் இருமல் சத்தம் கேட்கவில்லை. அம்மாவே வந்து நின்றாள். படுக்கும்போது டம்ளரைக் கவிழ்த்து எண்ணினேன். பதினொன்று! மறுபடி எண்ணினேன். மாமாவை எண்ணச் சொன்னேன். பதினொன்றேதான். நாற்பத்தேழிலிருந்து பதினொன்றுக்கு! நான் குதித்த குதியில் பட்டன்கள் வீடு முழுக்கச் சிதறின. எந்த டாக்டராலும் முடியாததை நான் செய்துவிட்டேன் என்று அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அம்மாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மாமாவுக்கோ என்மேல் பக்தியே வந்துவிட்டது. ‘லீவு எடுத்தால் இருமல் வரும், ஆராய்ச்சியில் கண்டுபிடிப்பு’ என்று தானே டைப் செய்து நாலு குரூப்பில் போட்டார். ஊரார் பொய்யைப் பிடிக்கக் கிளம்பிய எங்கள் வீட்டிலிருந்தே ஒன்று கிளம்பிப் போனது. மில்லில் அம்மாவோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள் அதைக் கேட்டுத் தாங்களும் ஞாயிறு ஷிப்ட்டுக்கு வந்தார்களாம். ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த சூப்பர்வைசர், “உன்ற புள்ளைக்கு நல்ல மூளை” என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினார். அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அந்த வாரங்களில் அம்மா தண்ணீர்க்குடத்தை நடுவில் இரண்டு தடவை இறக்கி வைக்க ஆரம்பித்திருந்தாள். நான் பார்த்தேன். ஆனால் அதற்கு நோட்டில் கட்டம் போட்டிருக்கவில்லை.

கண்காட்சி அன்றைக்கு என் சார்ட் எரிமலைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மேலே சிவப்பு ஸ்கெட்ச்சில் பெரிதாக ‘வெல்லம் பொய்! லீவே நோய்!’ என்று எழுதியிருந்தேன். கீழே எல்லா வாரமும், எல்லாப் பட்டனும். அம்மா மில்லில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டு நேராக வந்திருந்தாள். காதோரத்தில் கொஞ்சம் நீலப் பஞ்சு இருந்தது. பரிசு கொடுக்க வந்திருந்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா. எரிமலைகளை அவர் நடந்துகொண்டே பார்த்தார். என் சார்ட்டுக்கு முன்னால் நின்றார். திங்கட்கிழமைகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தார்.

“இதை யாரு எண்ணுனது?”

“நாந்தானுங்க. பட்டன் போட்டு எண்ணுனனுங்க.”

“அம்மா எங்க வேலை பாக்கறாங்க?”

அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். “ஓ.இ. மில்லுங்க. துணி பிய்க்கற ரூமுங்க. ஏழு வருசமாச்சுங்க.” சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள்.

டாக்டரம்மா சார்ட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பரிசு கொடுக்க வந்தவர் எதற்காக அம்மாவின் கையைப் பிடிக்கிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகத்தில் வியப்பு இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பஞ்சுத் தூசி பிடித்த நெஞ்சின் குணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் அது கொஞ்சம் ஆசுவாசப்படும். மறுநாள் தூசி பட்டதும் கத்தும். திங்கட்கிழமை இருமல் அந்தக் கத்தல்தான். ஓய்வே கொடுக்காவிட்டால் கத்துவதை நிறுத்திவிடும், கெட்டுப்போவதை நிறுத்தாது. என் எண்கள் அத்தனையும் சரி. அவற்றை வைத்து நான் சொன்னது அத்தனையும் தப்பு. அந்தக் கண்காட்சிக்குப் பிறகு அம்மா பெரியாஸ்பத்திரியில் மூச்சை அளக்கிற குழாயில் ஊதிக் காட்டினாள். மில்லை விட்டுப் பனியன் கம்பெனி பேக்கிங்குக்கு மாறினாள். இருக்கிறாள், நன்றாகப் பேசுகிறாள். இன்றைக்கும் எங்கள் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, போன் பார்ப்பதுபோலப் பாவனை செய்வாள். நானும் கூடவே நிற்பேன்.

ஆனால் அன்றைக்கு எனக்குப் பதினொரு வயது. ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் கால் தரையில் நிற்கவில்லை. டாக்டரம்மா மெதுவாக அம்மாவிடம் கேட்டார்.

“லீவே இல்லாம எத்தனை ஞாயித்துக்கிழமை போனீங்கம்மா?”

“ஒரு நாலு இருக்குமுங்க” என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. பரிசு கைக்கு எட்டுகிற நேரத்தில் இந்த அம்மா இப்படிக் குறைத்துச் சொல்கிறாளே! நான் இருவருக்கும் நடுவில் புகுந்தேன்.

“இல்லீங்க, அஞ்சரை! மூணாவது ஞாயித்துக்கிழமை கரண்ட் போயி மத்தியானமே உட்டுட்டாங்க. அதுதானுங்க அரை. நாந்தானுங்க போகச் சொன்னேன்” என்று, அந்த அரை நாளையும் விடாமல் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டு, டாக்டரம்மா கைதட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.